கத்தாளையின் சாட்சியம்

காசிமேடு துறைமுகத்து விடியற்காலை ஏலத்தில் கத்தாளைக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் கூட்டம் முண்டும். இழுவலையில் வந்த கத்தாளை ஓரத்துப் பெட்டியில் கிடக்கும், மிஞ்சியது கருவாடாகும். வாங்குகிறவருக்கு மீன்காரம்மாவின் எச்சரிக்கை ஒன்று மட்டும் இலவசம்: "தலையில கல்லு இருக்கும்மா, புள்ளைக்குப் பாத்துக் குடு."

இந்த மலிவு மீனின் ஓரினத்துக்கு விலங்கியல் ஏட்டில் ஜோனியஸ் கருட்டா என்று பெயர். முன்பாதி ஒரு லூத்தரன் பாதிரியாருடையது. பின்பாதி 'கருத்த கத்தாளை'யில் பாதி. பெயர் வைத்தவர் பெர்லினில் வாழ்ந்த ஒரு யூத மருத்துவர், வைத்த ஆண்டு 1793. சோழமண்டலக் கரையில் பிடிபட்ட மீன் பெர்லின் வரை போனதற்கு வியாபாரம் காரணமில்லை. அதை அனுப்பிய உலகத்தில், ஒரு மீனின் உடம்பைக் கவனமாகப் பார்ப்பதும் கிட்டத்தட்ட ஒரு ஜெபம்.

18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பக்தியுள்ள புராட்டஸ்டண்டுகளை ஒரு மோகம் பிடித்திருந்தது. வேதம் ஒரு புத்தகம் என்றால் இயற்கை இன்னொரு புத்தகம், இரண்டையும் எழுதியவர் ஒருவரே, ஆகவே இரண்டாவதையும் எழுத்துக்கூட்டிப் படித்தாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இங்கிலாந்தில் வில்லியம் டெர்ஹாம் என்ற போதகர் 1713ல் போட்ட பாதை அது. ஜெர்மானியர்கள் அதில் வண்டி வண்டியாகப் போனார்கள். ஃபப்ரீசியுஸ் 1734ல் தண்ணீரை வைத்துக் கடவுளை நிரூபித்தார். லெஸ்ஸர் என்ற போதகர் 1735ல் கற்களை வைத்தும், 1738ல் பூச்சிகளை வைத்தும் நிரூபித்தார். 1754ல் ரிக்டர் என்பவர் மீன்களை வைத்தே ஒரு முழு இறையியல் நூல் எழுதி லைப்சிக்கில் வெளியிட்டார். செதிள், துடுப்பு, செவுள் என ஒவ்வொன்றாகக் காட்டி, இதைச் செய்தவரைப் புகழாமல் இருக்க முடியுமா என்று கேட்கிற வகை எழுத்து. இன்றைக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஜெபக்கூட்டங்களுக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானதுதான். கண்ணைப் பாருங்கள், காதைப் பாருங்கள், தானாக வந்ததா இதெல்லாம் என்று கேட்கும் பிரசங்கியாரின் முப்பாட்டன்கள் இவர்கள்.

டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியின் மிஷனுக்கு ஆள் அனுப்பிய ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனமும் இதே காற்றைச் சுவாசித்தது. அங்கே அநாதை இல்லத்தின் மாடியில் ஓர் அதிசயக் கூடம் உண்டு. கிரிண்ட்லர் என்ற ஓவியர் 1741ல் அலமாரிகள் செய்து ஒழுங்குபடுத்தியது, இன்றும் போய்ப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பொருள்கள் அதில் ஏராளம். அந்த ஹாலேயிலிருந்து 1771ல் தரங்கம்பாடி வந்து இறங்கியவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். 1813ல் இங்கேயே இறந்தார். பள்ளிக்கூடம் நடத்துவதும் பிரசங்கமும் அவர் வேலை. சிப்பி, பாம்பு, மீன் சேர்ப்பது அவருடைய ஆசை. அவருக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 1768ல், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான கோனிக் மிஷன் மருத்துவராக அங்கே வந்து, பாதிரியார்களுக்குச் செடி பார்க்கும் பழக்கத்தைத் தொற்றவைத்திருந்தார். ஆத்தும அறுவடையை விட்டுவிட்டுக் கிளிஞ்சல் பொறுக்குகிறார்களே என்று பிற்காலத்து மிஷன் ஆட்கள் முணுமுணுத்ததுண்டு. அந்த முணுமுணுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காலத்துப் பிரசங்கங்களில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

ஜான் மீனை மட்டும் அனுப்பவில்லை, அதன் பெயரையும் மீனவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பினார். கருத்த கத்தாளையோடு ஆனைக்கத்தாளையும் போயிற்று. பின்னது 'அனேயுஸ்' என்று லத்தீன் உடுத்திக்கொண்டது. தரங்கம்பாடிப் பட்டினவ மீனவர் வாயில் அன்றிருந்த சொல்லும் இன்று காசிமேட்டு ஏலத்தில் கேட்கும் சொல்லும் ஒன்றுதான். கரை ஒன்று, சனமும் ஒன்று.

தரங்கம்பாடிக்கு அன்று துறைமுகம் கிடையாது. பெட்டிகளை அலை தாண்டும் படகில் ஏற்றி, தள்ளி நங்கூரம் போட்டிருக்கும் டேனிஷ் கப்பலில் சேர்க்க வேண்டும். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் ராயபுரத்துப் படகுக்காரர்கள் மசூலா படகில் செய்ததும் இதே வேலைதான், அவர்கள் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் இன்னும் நிற்கிறது. கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போகும். வெயில், உப்பு, பூச்சி, மாலுமிகளின் தாகம் என்று சாராயத்தில் ஊறிய மீனுக்குப் பகை ஏராளம்.

போய்ச் சேர்ந்த இடத்துக்காரர் மார்க்குஸ் எலியேசர் பிளாக். 1723ல் அன்ஸ்பாக்கில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 19 வயது வரை ஜெர்மன் படிக்கத் தெரியாது. பிறகு மருத்துவம் படித்து, பெர்லினில் தொழில் செய்து, நடுவயது தாண்டிய பின் மீனில் விழுந்தார். 1782 முதல் 1795 வரை 12 பகுதிகளாக, 432 வண்ணப் படங்களோடு அவர் கொண்டுவந்த மீன் வரலாறு அக்காலத்தில் ஈடில்லாதது. துடுப்பு முட்களை எண்ணுவார், பல்லைப் பார்ப்பார், செதிளைத் தொட்டுப் பார்ப்பார். கத்தாளைக்கு ஒரு தனிப் பேரினம் வகுத்து, அனுப்பிய பாதிரியாரின் பெயரை வைத்தார். பாதிரியார் பெயரில் வேறொரு கடல்மீனும் உண்டு. நம்மூர் மண்ணுளிப் பாம்புக்கும் 1801ல் பாட்ரிக் ரஸ்ஸல் அவர் பெயரைத்தான் வைத்தார். மோசடிக் கும்பல்கள் லட்சக்கணக்கில் விலை பேசி ஊரை ஏமாற்றும் அதே பாம்பு, பாதிரியார் பாவம்.

ஒரு கோளாறும் அப்போதே நடந்தது. தமிழை 'மலபார் பாஷை' என்று ஐரோப்பியர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அதனால் தரங்கம்பாடியில் பிடித்த மீன்கள் சிலவற்றுக்கு ஊர் மலபார் என்று பதிவாயிற்று. நம் வயல் வாய்க்கால்களில் திரியும் விரால் அதில் ஒன்று. சோழமண்டல மீனை மேற்குக் கரைக்குத் தள்ளிய அந்தச் சீட்டைத் திருத்தப் பின்னால் வந்தவர்கள் நிறையப் பாடுபட்டார்கள்.

பிளாக் 1799ல் இறந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த மீன்கள் 1810ல் உருவான பெர்லின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போயின. அந்த அருங்காட்சியகத்தின் பிற்காலக் கட்டடத்தில் கிழக்குப் பகுதி 1945 பிப்ரவரி 3 அன்று குண்டுவீச்சில் இடிந்து, 2010ல்தான் மறுபடி எழுந்தது. இன்று அங்கே கண்ணாடிச் சுவருக்குள், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜாடிகள் சாராயத்தில் மினுங்குகின்றன. பிளாக் வைத்திருந்ததில் ஏறக்குறைய 800 மீன்கள் தப்பியிருக்கின்றன. வகைப்பாட்டியலாளர்கள் சந்தேகம் வந்தால் இன்னும் அவற்றைப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஜாடி அங்கே நிற்கட்டும். மீன் எதற்குச் சாட்சியாக எடுத்துவைக்கப்பட்டதோ அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

1802ல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் போதகர் 'இயற்கை இறையியல்' என்ற நூலை வெளியிட்டார். பாதையில் கிடக்கும் கடிகாரம், அதைச் செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும் என்ற வாதம் அதிலிருந்துதான் உலகம் முழுக்கப் போயிற்று. அவர் அடுக்கும் உறுப்புகளில் மீனின் காற்றுப்பையும் ஒன்று. மீன் மேலேறவும் கீழிறங்கவும் உதவும் இந்தப் பையை அசல் இயந்திரச் சூழ்ச்சி என்றே அவர் கருதினார். யோசித்துப் போட்ட வேலை, யோசித்தவர் இல்லாமல் நடக்குமா என்று கேட்டார்.

பேலி கத்தாளையை அறுத்துப் பார்த்திருந்தால் இன்னும் குதித்திருப்பார். நம் மீனவர்கள் நெட்டி என்று சொல்லும் அந்தக் காற்றுப்பை, கத்தாளை இனத்தில் தொண்டை வேலையும் பார்க்கிறது. பையின் பக்கத்துத் தசைகள் மிக வேகமாகச் சுருங்கி விரிய, பை அதிர்ந்து 'கொர்' என்று சத்தம் எழும்பும். முட்டையிடும் பருவத்தில் கூட்டமாகக் கத்தும். மலேசியாவின் திரங்கானு கரையில், கடலுக்குள் தலையை முக்கிக் கேட்டே கூட்டம் எங்கே, என்ன மீன் என்று சொல்லும் வித்தைக்காரர்கள் இருந்தார்கள். பெரிய இனமான கூறல் கத்தாளையின் நெட்டிக்கு வெளிநாட்டில் கிடைக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பாம்பன் பக்கம் ஒரு கூறல் மீன் சிக்கினால் அது செய்தித்தாளில் வரும்.

பேலியை மாணவப் பருவத்தில் ரசித்துப் படித்தவர்களில் சார்ல்ஸ் டார்வினும் ஒருவர். அதே காற்றுப்பையை அவர் 1859ல் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் எடுத்து மறுபக்கம் திருப்பினார். மிதப்பதற்காக இருந்த உறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுவிடும் உறுப்பாக மாறலாம், ஒரு வேலைக்கு வந்தது இன்னொரு வேலைக்குப் போகலாம், ஆகவே முன்கூட்டிப் போட்ட திட்டம் தேவையில்லை என்றார். பேலியின் சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. வேடிக்கை அதோடு முடியவில்லை. டார்வினும் வரிசையைத் தலைகீழாகச் சொல்லியிருந்தார். பிச்சிர் போன்ற பழைய வம்சத்து மீன்களைப் பார்த்த பின் தெளிவானது, மூச்சுக்கான பைதான் முந்தியது. பெரும்பாலான மீன்களில் அதுவே பிறகு மிதப்புப் பையாயிற்று. கத்தாளையின் தொண்டை, ஒரு காலத்தில் நுரையீரலாக இருந்த ஒன்றின் பேரப்பிள்ளை.

தரங்கம்பாடியிலிருந்தே இன்னொரு சாட்சியும் கூண்டேறியது. 1791 நவம்பரில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளக்கரைப் பனைமரத்தில் தண்ணீருக்கு 5 அடி மேலே பட்டை இடுக்கில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797ல் அச்சிட்டது. ஜானும் இந்த மீனைப் பற்றி எழுதினார், தமிழர்கள் அதைப் பனையேறி என்கிறார்கள் என்றும் சொன்னார். 1835ல் வில்லியம் கிர்பி என்ற போதகர், படைப்பில் கடவுளின் வல்லமையையும் ஞானத்தையும் காட்டுவதற்கென்றே எழுதிய நூலில், இந்த மீனின் செவுள் மூடி முட்களும் துடுப்பு முட்களும் மரமேறுவதற்காகவே பொருத்தப்பட்ட கொக்கிகள் என்று வியந்தார்.

பனையேறி தரையில் நகரும், காற்றையும் மூச்சிழுக்கும், ஈரம் இருந்தால் நெடுநேரம் வெளியே தாங்கும். அதெல்லாம் மெய். மரமேறுவதுதான் இடிக்கிறது. காக்கையும் பருந்தும் கவ்விக்கொண்டுபோய்க் கிளையில் போட்ட மீன்களையே மக்கள் பார்த்திருக்க வேண்டும் என்று, காற்றுச் சுவாச மீன்களை ஆராய்ந்த இந்திய விலங்கியலாளர் பி.கே. தாஸ் 1920களில் விளக்கினார். டால்டார்ஃப் உண்மையில் என்ன பார்த்தார் என்று இனி யாரும் தீர்க்க முடியாது. ஆனால் கிர்பியின் தவறு டால்டார்ஃபின் தவறைவிடப் பெரியது. உறுப்பைப் பார்த்தவுடன் அதன் நோக்கத்தையும் கண்டுகொண்டதாக நினைத்தார். நோக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை, முள்தான் தெரிகிறது.

வடிவமைப்பு வாதத்தோடு எனக்குள்ள முதல் சண்டை இதுதான், விசுவாசியாக இருந்துகொண்டே போடுகிற சண்டை. 1996ல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி, பாக்டீரியாவின் வால் போன்ற அமைப்புகள் ஒரு பாகம் குறைந்தாலும் வேலை செய்யாது, ஆகவே படிப்படியாக வந்திருக்க முடியாது என்று எழுதியபோது உலகமெங்கும் சபைகளில் உற்சாகம். 2005ல் பள்ளியில் இந்த வாதத்தைக் கொண்டுவருவது பற்றிய அமெரிக்காவின் டோவர் வழக்கில் இது அறிவியல் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே பீஹிக்கு எதிராகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். டார்வின் காற்றுப்பைக்குச் சொன்ன பதிலைத்தான் அவரும் வாலுக்குச் சொன்னார். பாகங்கள் முன்பு வேறு வேலை பார்த்தவை.

இதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாத்திக நண்பர்கள் கைதட்டுவதும் அவசரம்தான். வாதம் இப்போது மீனை விட்டு மேலே ஏறிவிட்டது. ஈர்ப்பு முதலான இயற்கை மாறிலிகள் இத்தனை நுணுக்கமாக ஏன் இருக்கின்றன, இயற்கைக்கு விதி என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று கேட்கிறார்கள். இதில் கனமான கேள்வி இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் ரசீது கிடைக்கிற கேள்வி இல்லை. பின்னாளில் கர்தினாலான நியூமன் 1870ல் ஒரு கடிதத்தில் இதை நேராகவே சொன்னார்: கடவுளை நம்புவதால் படைப்பில் வடிவத்தைக் காண்கிறேனே தவிர, வடிவத்தைக் கண்டு கடவுளை நம்பவில்லை. சென்ற நூற்றாண்டுகளின் பக்தர்கள் இந்த வரிசையை மாற்றிப் போட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு கண்டுபிடிப்பிலும் அடிவாங்கினார்கள்.

ஆனாலும் ஜானை இந்தக் கூட்டத்தில் நிறுத்த மனம் வரவில்லை. மீன் எதை நிரூபிக்கிறது என்பதைவிட அது என்ன மீன், எங்கே கிடைத்தது, அதற்கு என்ன பெயர் என்பதில்தான் அவர் கை ஓடியது. தேவனைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு மீன் தன்னைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவரும் பொறுமையாக அதை எழுதிக்கொண்டார்.

மீன் இன்னும் பேசி முடிக்கவில்லை. பாக்கி, மீன்காரம்மா சொன்ன கல்லில் இருக்கிறது.

எலும்பு மீன்களின் உள்காதில் மூன்று ஜோடிக் கற்கள் உண்டு. கத்தாளை வகையில் ஒரு ஜோடி அசாதாரணப் பெரிசு, அதனால்தான் பல்லில் இடறுகிறது. ஐரோப்பாவில் இத்தகைய கற்களை வயிற்றுவலிக்கு மருந்தென்று பதக்கம்போல் அணிந்த காலம் உண்டு. வேலை என்னவோ எளிமையானது. மீனின் சதையும் கடல்நீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. ஒலியலை வந்தால் மீன் தண்ணீரோடு சேர்ந்து ஆடும். கல் மட்டும் கனம் என்பதால் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலில் அதன் கீழே உள்ள நுண்மயிர்கள் வளைய, மீனுக்குக் காது கேட்கிறது. கத்துகிற மீனுக்கு நல்ல காது வேண்டும்தானே என்று இங்கே சொல்லத் தோன்றும். கிர்பியை நினைத்து அடக்கிக்கொள்கிறேன்.

இந்தக் கல் சுண்ணாம்புச் சேர்மம், நாளுக்கு ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. குளிர்நாட்டு மீன்களில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். ஜெர்மானியரான ரைபிஷ் 1899லேயே அதை எண்ணி வயது சொன்னார். நம் கடலில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் அந்த வளையம் மங்கல். பனெல்லா என்ற ஆய்வாளர் 1971ல் நாள் வளையங்களைக் கண்டுபிடித்த பிறகுதான் வெப்பக்கடல் மீன்களின் குட்டிப் பருவமும் நாள் கணக்கில் படிக்கக் கிடைத்தது. இதில் முக்கியமான விஷயம், எலும்பைப்போல் இந்தக் கல் கரைந்து மறுபடி உருவாவதில்லை. மீன் பட்டினி கிடந்தாலும் படிந்தது படிந்ததுதான். அன்றைக்குத் தண்ணீரில் இருந்த பேரியம், மாங்கனீஸ், ஸ்ட்ரான்ஷியம் போன்றவற்றின் சுவடு அந்தப் படலத்தில் மாட்டிக்கொள்ளும். கல்லை மெல்லிசாக அறுத்து, லேசரால் புள்ளி புள்ளியாகச் சுரண்டி, மீன் எந்த மாதம் கழிமுகத்தில் இருந்தது, எப்போது கடலுக்குப் போனது என்று இன்று படிக்கிறார்கள்.

எண்ணூரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கத்தாளை வகைகள் பலவற்றின் குஞ்சுகள் கழிமுகங்களில் வளர்கின்றன. நமக்குப் பக்கத்துக் கழிமுகம் கொசஸ்தலை ஆறு கடலில் விழும் எண்ணூர் முகத்துவாரம். அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழம்பு அங்கே பல ஆண்டுகளாகப் படிந்து வருகிறது. 2017 ஜனவரி 28ல் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழி முழுக்கப் பரவி, வலையும் படகும் கறுத்தன. சேதத்தை மறுப்பதும் நிரூபிப்பதும் வழக்கம்போல் நடந்தன.

104ஆம் சங்கீதத்தைப் பாடுகிற சபைகள் இந்தக் கரையில் நிறைய. கடலில் ஊரும் சிறியதையும் பெரியதையும் ஆண்டவருடைய கணக்கில் வைக்கும் சங்கீதம் அது. மீனின் உடம்பில் கடவுளின் கைரேகையைத் தேடிய அளவுக்கு நம் கைரேகையையும் தேடலாம் என்று தோன்றுகிறது, அதற்கு நிரூபணம் கிடைக்கும். அதைப் படிக்கக் கருவி உண்டு. கல்லும் தினமும் குவியலாக வருகிறது. ஆனால் மீனவரிடம் எந்த நாள், எந்த ஆழம், எந்த இடத்து வலை என்று கேட்டு, தலையை வெட்டி எடுத்ததோடு ஒரு சீட்டும் எழுதி வைக்க வேண்டும். மலபார் என்று சீட்டு ஒட்டிய தரங்கம்பாடி மீனை வைத்து எண்ணூரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.